தடைக்காலத்தில் கரையேறிய ஜேசிபி

தருவைகுளம்,
மே மாதம், ஞாயிறு மதியம்.

நடுக்கடலில் இருந்தபடியே எங்கள் எல்லோருடைய கவலையையும் சேர்த்துப் படும் பாசத்துக்குரிய டெரன்ஸ் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை ஆனியின் மகள் ஷெர்லின் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் உங்கள் பொறுப்பிலுள்ள இன்ஜின்களும் சூடேறாமல் இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். போனில் அப்பா, "எல்லாம் நல்லாருக்கு மச்சான்" என்பதோடு நிறுத்திவிடுகிறார். அம்மா அதைப் பிடுங்கி அழ ஆரம்பிக்கிறாள். என் கைக்கு வருவதற்குள் உங்கள் கப்பல் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போய்விடுகிறது. அமலன் அண்ணன் உங்கள் கப்பலில் வேலைக்குச் சேர நாளை புறப்படுகிறார். கருப்பட்டியோடும் மக்ரூனோடும் இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மக்ரூன் பொட்டலம் இளைத்துப்போய் வந்து சேர்ந்தால் அதை அண்ணனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

விஷயம், உங்களுக்கும் அப்பாவுக்கும் பாதிப் பாதியாக உள்ள நம் ஜேசிபியைப் பற்றியது. போன முறை பேசும்போது நீங்கள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பக்கெட் தறிகெட்டு ஆடுவதாக உங்கள் காதுவரை செய்தி வந்துவிட்டது என்றும், உடன்குடி சுந்தரராஜ் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார் என்றும், ஆடினால் வண்டியை அவருக்கே கொடுத்துவிடலாம் என்றும், அப்பாவுக்கு உங்கள் கப்பலிலேயே ஒரு வேலை பார்த்துவிட்டதாகவும் சொன்னீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் மாமா, அப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதை இந்தக் குடும்பம் உங்களிடம் மறைத்தே வைத்திருக்கிறது. சங்கு குளித்த குடும்பத்தில் பிறந்தவர் என்று சொல்லித்தான் அம்மாவைக் கட்டிக்கொடுத்தீர்கள். அது உண்மைதான். ஆனால் குளித்தவர்கள் மற்றவர்கள். போன வருடம் படகுகளை மந்திரிக்கச் சாமியார் வந்தபோது, மரியாதைக்காக அப்பாவையும் ஒரு வள்ளத்தில் ஏற்றினார்கள். வள்ளம் கயிற்றில்தான் கட்டிக் கிடந்தது. சாமியார் தண்ணீர் தெளிக்கும் முன்பே அப்பா சாமியாரின் செருப்பின் மேல் வாந்தியெடுத்துவிட்டார். உங்கள் போன் வந்த மறுநாள் அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொண்டு, அதே வள்ளத்தில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னப்பா என்று கேட்டேன். "பழகிப் பாக்கேன் மோளே" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. அதனால் வண்டியை விற்க வேண்டாம் என்பது ஒன்றே இந்தக் கடிதத்தின் வேண்டுகோள். ஏன் விற்கத் தேவையில்லை என்பதற்கு, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பக்கெட் ஆடக் காரணமான பின்னும் புஷ்ஷும் என்ன என்று கப்பல் இன்ஜினியருக்கு நான் விளக்கக் கூடாதுதான். இருந்தாலும் நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். வண்டியின் பின்பக்கக் கையும் பக்கெட்டும் சேரும் மூட்டில் செருகியிருக்கும் இரும்புத் தண்டுதான் பின். அதைச் சுற்றி இறுக்கமாக உட்காரும் வளையம் புஷ். நாள்தோறும் கிரீஸ் வைத்தால் இரண்டும் நெடுங்காலம் உழைக்கும். வைக்காவிட்டால் முதலில் புஷ் தேயும், அடுத்து பின் தேயும், அடுத்து வீட்டிலுள்ள அமைதி தேயும். இதை வண்டியோடு வந்த புத்தகத்தில் படித்து அப்பாவுக்கு நான் பலமுறை வாசித்துக் காட்டினேன். அப்பாவின் கொள்கை வேறு. நம் கடற்கரையில் ரிப்பேர் என்பதே தடைக்காலத்து வேலைதானே. மீன்பிடிக்கத் தடை தொடங்கி விசைப்படகுகள் கரையேறிய பிறகுதான் இன்ஜினைப் பிரிப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையைத் தைப்பார்கள். நம் வீட்டு மிக்ஸியும் அம்மாவின் கடைவாய்ப் பல்லும்கூட அதற்காகத்தான் காத்திருந்தன. "தடைக்காலம் வரட்டும், எல்லாத்தையும் சேத்துப் பாப்போம்" என்பார் அப்பா. புத்தகத்தில் நாள்தோறும் என்று போட்டிருக்கிறது என்றேன். "ஏளா, அது எவனோ வெளிநாட்டுக்காரன் எழுதுனது. அவனுக்குத் தடைக்காலம்னா என்னன்னு தெரியுமா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் தேடிய எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை.

கிரீஸ் தீர்ந்த ஒருநாள், வள்ளத்துப் பலகைக்குப் பூசும் மீன் எண்ணெயை மூட்டுகளில் ஊற்றிவிட்டு உப்பளத்துக்குப் போயிருக்கிறார். அன்று முதல் உப்பளத்துப் பூனைகளெல்லாம் நம் வண்டிக்குப் பின்னால் ஊர்வலம் போக ஆரம்பித்தன. பக்கெட்டை மண்ணில் இறக்கும்போதெல்லாம் அப்பா இறங்கிவந்து பூனைகளை எண்ணி, எல்லாம் வெளியே நிற்கின்றன என்று உறுதிசெய்துகொண்டு மறுபடி ஏறுவாராம். ஒரு பாத்தியின் வரப்பைக் கட்ட ஒரு பகல் ஆயிற்று. உங்கள் காதுக்குச் செய்தி வந்தது இந்தச் சமயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

தடைக்காலம் ஒருவழியாக வந்தது. அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டுபோய்க் கரையேறிய படகுகளின் வரிசையிலேயே கொண்டு நிறுத்தினார். படகுகளுக்கு வைப்பதுபோல் இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "என்ன ஜெர்சன், பாடு எப்படி?" என்று, கடலுக்குப் போய் வந்தவரிடம் மீன்வரவைக் கேட்பதுபோல் கேட்டார்கள். அதை அப்பா கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு நாங்கள் புதுப் பின்னும் புஷ்ஷும் கடைந்து வாங்க ஜீவமணி அண்ணாச்சியின் லேத்துக்குப் போனோம். வாசலில் காலெடுத்து வைக்க இடமில்லை. எல்லாப் படகுகளின் இரும்புத் தண்டுகளும் அங்கே வரிசையில் படுத்துக் கிடந்தன.

ஜீவமணி அண்ணாச்சி தலை நிமிராமலே, "வருசம் பூரா ஈ ஓட்டிக்கிட்டுக் கெடந்தேன் அண்ணே. அப்பல்லாம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காம இப்ப வாரீரு" என்றார்.

"அப்பல்லாம் தடைக்காலம் இல்லையே" என்றார் அப்பா.

"உம்ம வண்டிக்கும் தடைக்காலத்துக்கும் என்னவே சம்பந்தம்? அது மீனா புடிக்கி?"

அப்பா யோசித்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. வாசலில் கிடந்த தண்டுகளைக் காட்டி, "எல்லாரும் இப்பத்தானே செய்யுதாங்க" என்றார். உங்கள் கப்பல் வேலை, எலுமிச்சம்பழம், சாமியாரின் செருப்பு எல்லாவற்றையும் நான்தான் அண்ணாச்சிக்கு எடுத்துச் சொன்னேன். செருப்பு வந்த இடத்தில் அவர் லேத்தை நிறுத்திவிட்டார். சிரித்து முடித்ததும், சுந்தரராஜ் அண்ணாச்சி வருவதற்குள் வேலையை முடித்துக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்து, வரிசையில் நம்மை முன்னுக்கு ஏற்றினார். பின்னுக்குப் போன படகுக்காரர்கள் அப்பாவைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அடுத்தது பழைய பின்னைக் கழற்றும் வேலை. அது தேய்ந்து, துருவேறி, மீன் எண்ணெயும் சேர்ந்து இறுகிப்போய் அசைய மறுத்தது. கரையில் சும்மா உட்கார்ந்திருந்த ஆட்கள் எல்லோரும் உதவிக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பின்னின் தலையில் கனமான கயிற்றைக் கட்டி, படகைக் கரையேற்றுவதுபோல் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். பின் வரவில்லை. வண்டி வந்தது. முட்டுக்கட்டைகளைத் தள்ளிக்கொண்டு மணலில் ஒரு வள்ளத்து நீளம் நகர்ந்து நின்றது. இழுத்தவர்களுக்கு அதில் ஒரே திருப்தி. அவர்கள் மறுபடி கயிற்றைப் பிடிக்கும் முன் ஜீவமணி அண்ணாச்சி வந்துவிட்டார். மூட்டைச் சுற்றித் தீயால் சூடேற்றிச் சம்மட்டியால் அடித்தார். பழைய பின்னும் அதோடு ஒட்டிக்கொண்டிருந்த தேய்ந்த புஷ்களும் சத்தத்தோடு விழுந்தன. பின்னின் நடுப்பகுதி, சூப்பிய கரும்புபோல் ஒடுங்கியிருந்தது. அப்பா அதைக் கையிலேந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் இம்புட்டு மோசமா வச்சிருந்தேனா" என்றார். புத்தகத்தை நான் அன்று வெளியே எடுக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததற்கு என் வேதியியல் பாடம்தான் காரணம். புதுப் புஷ் ஓட்டைக்குள் போகவில்லை. மயிரிழை அளவு பெரிதாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம், அப்போதுதான் உள்ளே போனபின் அசையாது. அடித்து ஏற்றினால் விளிம்பு நசுங்கும் என்றார் அண்ணாச்சி. இரும்பு குளிர்ந்தால் சுருங்கும், ஐஸில் உப்பைக் கலந்தால் வெறும் ஐஸைவிடக் குளிர் அதிகமாகும் என்று நான் சொன்னேன். உப்புக்கும் ஐஸுக்கும் இந்த ஊரில் பஞ்சமா? ஒரு தெர்மோகோல் பெட்டியில் எல்லாப் புஷ்களையும் அடுக்கி, உடைத்த ஐஸும் கல்லுப்பும் போட்டு மூடி, ஏலக்கூடத்தின் ஓரத்து நிழலில் சனிக்கிழமை காலை கொண்டுபோய் வைத்தோம். இதுவரை எல்லாம் அறிவியல். பிறகு அம்மா வந்தாள். இவ்வளவு ஐஸ் இரும்புக்குப் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வாங்கி வைத்திருந்த விளமீன்களை, எங்களிடம் சொல்லாமல், மேலே பரத்திவைத்து ஐஸை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

தடைக்காலத்தில் நாட்டு வள்ளங்கள் கொண்டுவரும் கொஞ்ச மீன்தான் ஏலத்துக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். யாரும் பெட்டிக்கு அடியில் கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், அதற்குள் பக்கத்து ஆள் கேட்டுவிடுவான். நானும் அப்பாவும் எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். "விளமீனு, விளமீனு, தூக்க ரெண்டு ஆளு வேணும்" என்று ஏலக்காரர் கூவுவது கேட்டது. அப்பா அந்தப் பக்கம் திரும்பாமலே, "யாருக்கோ இன்னைக்கு நல்ல பாடு" என்று மனதார வாழ்த்தினார். தேநீர் முடிந்து போய்ப் பார்த்தால் நிழல் மட்டும் இருந்தது. பெட்டியைப் பேச்சிச்செல்வி அக்கா எடுத்துக்கொண்டு லோடு ஆட்டோவில் ஓட்டப்பிடாரம் பக்கம் போய்விட்டதாக ஏலக்காரர் சொன்னார். பேச்சிச்செல்வி அக்கா கடல் இல்லாத உள்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் மீன் கொண்டுபோய் விற்பவர். மறுநாள் சுந்தரராஜ் அண்ணாச்சி வருகிறார். நம் வண்டியோ மூட்டில் பின் இல்லாமல், பக்கெட்டைத் தனியாகக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரையில் நிற்கிறது. அப்பா ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வழியில் ஒரே ஒரு தடவை, "கப்பல்ல மேல்தட்டுல வேலைன்னா காத்து வரும் இல்லியா?" என்று கேட்டார். மாமா, எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு ஊரின் வேப்பமரத்தடியில் அக்காவைப் பிடித்தோம். சுற்றிலும் பெண்கள் கூட்டம். மீனுக்குக் கீழே விரித்திருந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் பறக்காமலிருக்க, நான்கு மூலைக்கும் நம் புஷ்களை வைத்திருந்தார்.

அப்பாவைப் பார்த்ததுமே அக்கா புரிந்துகொண்டார். "வாரும் அண்ணாச்சி. உங்க ஊர்க் கடல்ல இப்ப மீனுக்கு அடியில இரும்பு மேயுதோ?"

"அது எங்க வண்டிக்குள்ள போற சாமான் தாயி."

"வண்டிக்குள்ள போறதை எதுக்கு விளமீனுக்குக் கீழ படுக்க வச்சீரு?"

அப்பா என்னைப் பார்த்தார். இரும்பு சுருங்குவதையும் உப்பு ஐஸை என்ன செய்கிறது என்பதையும் நான் விளக்க ஆரம்பித்தேன். பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். முடித்ததும் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், பரீச்ச முடிஞ்சும் பிள்ளைக்கு இன்னும் தெளியல" என்றார். அம்மாவின் விளமீன்கள் அதற்குள் விற்றுப்போயிருந்தன. பெட்டியின் கனத்தை நம்பி ஏலம் எடுத்து ஏமாந்த அக்காவுக்கு, அவர் வீடு கட்ட வைத்திருக்கும் மேடுபள்ளமான இடத்தை நம் வண்டியாலேயே நிரவிக் கொடுப்பதாக அப்பா வாக்குக் கொடுத்தார். "வண்டி ஓடுமா?" என்று அக்கா கேட்டார். "நீங்க அந்த நாலையும் குடுத்தா ஓடும்" என்றார் அப்பா. அக்கா புஷ்களைத் துடைத்துப் பெட்டிக்குள் போட்டு, தன் பங்கு ஐஸையும் உப்பையும் மேலே குமித்து, சாக்கால் இறுக்கிக் கட்டினார். "எம் பெட்டியில எது ஏறினாலும் ஐஸோடதான் எறங்கும். ஒருத்தி அத வெல வேற கேட்டா அண்ணாச்சி. கொழம்புக்கு ஆவாதுன்னு நாந்தான் சொன்னேன்" என்றார்.

நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் உப்புத் தண்ணீர் ஒழுகி என் கால் மரத்துப்போனது. கரையில் ஜீவமணி அண்ணாச்சி மூட்டைச் சூடேற்றித் தயாராக நின்றார். துணியால் பிடித்து முதல் புஷ்ஷை வைத்தார். கட்டைவிரலால் தள்ளினார். தானாகப் போய் உட்கார்ந்தது. ஓரமாக நின்ற படகுக்காரர்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். புஷ்ஷில் கிரீஸ் போகும் துளை மேலே இருக்கும் துளைக்கு நேராக வர வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததால், ஒவ்வொரு முறையும் "துளை மேல, துளை மேல" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "ஏளா, அது குளுருல சுருங்கி நிக்கி. நீ கத்துத கத்துல மறுபடி விரிஞ்சிரப் போவுது" என்றார் அண்ணாச்சி. ஆனால் ஒன்றுவிடாமல் துளை நேராகத்தான் உட்கார்ந்தது. புதுப் பின்னைச் செருகி, பக்கெட்டை மாட்டி, அப்பா தன் கையாலேயே கிரீஸ் வைத்தார். மறுநாளும் வைப்பேன் என்று மாதா பெயரால் சத்தியம் செய்தார்.

இன்று காலைப் பூசை முடிந்ததும் சுந்தரராஜ் அண்ணாச்சி வந்தார். வெள்ளைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கடப்பாரையை மூட்டில் கொடுத்து நெம்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் நெம்பினார், அந்தப் பக்கம் நெம்பினார், பக்கெட்டில் தொங்கியும் பார்த்தார். அவர் சட்டைதான் கசங்கியது. "வண்டி கல்லு மாதிரில்லா இருக்கு. மீன் வாடை ஒண்ணுதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு. ஒம்ம மச்சான்கிட்ட விக்காண்டாம்னு சொல்லும்" என்றார். தன் வண்டிக்கும் இதேபோல் புஷ் போட ஆள் கிடைக்குமா என்று ஜீவமணி அண்ணாச்சியின் நம்பரையும் வாங்கிக்கொண்டார். அப்பா இன்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மீன் இல்லாத குழம்புக்கு அப்படிச் சாப்பிட்டதை அம்மா முதல்முறையாகப் பார்க்கிறாள்.

ஆகவே மாமா, வண்டி நன்றாக இருக்கிறது, அதை ஓட்டுகிறவரும் நன்றாக இருக்கிறார், இருவரையும் தரையிலேயே விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கப்பலில் பார்த்துவைத்த வேலையைக் கடலைத் தாங்கக்கூடிய வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கேப்டனுக்கும், உங்களுக்குச் சோறு வடிக்கும் அண்ணனுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். அம்மா உங்களை உள்பனியன் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். உங்கள் இன்ஜின்கள் ஓயாமலும் உங்கள் தூக்கம் கெடாமலும் மாதா காக்கட்டும். எனக்கு உங்கள் ஆசீரை அலை வழியாக அனுப்பிவையுங்கள்.

அன்புள்ள மருமகள்,
ஷெர்லின்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையை மறுபடி பிரித்து எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்த சந்தோஷத்தில் அப்பா வண்டியைத் தெருவுக்கு ஓட்டிவந்தார். தெருக்கோடியில் நீங்கள் கட்டிவரும் வீட்டு வாசலில் கொத்தனார்கள் விட்டுப்போன மணல் குவியலை, உங்களுக்கு நன்றியாக, ஓரமாக அள்ளிப் போட நினைத்தார். புஷ் மாற்றும் முன்பு லிவரை இழுத்தால் பக்கெட் முதலில் இங்குமங்கும் ஆடிவிட்டுத்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். அதனால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இழுப்பது அப்பாவின் வழக்கம். வண்டியில் இருந்த ஆட்டத்தை நாங்கள் எடுத்துவிட்டோம். அப்பாவின் கையில் இருந்ததை எடுக்கவில்லை. இன்று பக்கெட் இழுத்த உடனே, இழுத்த அளவுக்குக் கேட்டது. உங்கள் முன்பக்க மதில் இப்போது இல்லை. எங்களோடு சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கிளம்பி, சத்தம் கேட்டுத் திரும்பிவந்த சுந்தரராஜ் அண்ணாச்சி, இவ்வளவு நடந்தும் பக்கெட் துளியும் ஆடவில்லை என்று சொல்லச் சொன்னார். வண்டியை விற்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள் மாமா, நான் இனி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இடிந்த கல்லை அள்ளவும் புது மதிலுக்கு அஸ்திவாரம் தோண்டவும் இந்தத் தெருவில் வேறு வண்டி இல்லை, அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா தோண்ட ஆரம்பித்துவிட்டார். கை மெல்ல மெல்லப் பழகி வருகிறது. பக்கவாட்டு மதில், இந்த வரியை எழுதும்வரை நிற்கிறது.